எங்கள் மாவட்டத்து எல்.கே.ஜி வகுப்புகளுக்கு நிரந்தர ஆசிரியர் எப்போது வருவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வெளியாகும்போது எங்கள் பகுதியில் எல்லோரும் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவோம். விருதுநகர் எத்தனையாவது இடம் என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்தி. 2023இல் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்திலேயே முதலிடம் வந்தோம். அதற்காக உழைத்த ஆசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். அந்தப் பெருமை அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியது. ஆனால் வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று 2018இல் மத்திய அரசு வெளியிட்ட 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலிலும் இதே விருதுநகர்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தவை இரண்டே மாவட்டங்கள், எங்களுடையதும் ராமநாதபுரமும். உடல்நலம், ஊட்டச்சத்து, கல்வி, விவசாயம், அடிப்படை வசதி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் தயாரித்த பட்டியல் அது.

பதினேழு வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பக்கம் பக்கமாகப் போடுகிறோம். மூன்று வயதுப் பிள்ளை காலையில் எங்கே போகிறது, அங்கே அதனோடு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார் என்பதைப் பற்றி மாவட்டப் பக்கத்தில் நான் படித்ததாக நினைவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தாலும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சாத்தூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து 2024இல் ஓய்வு பெற்றவள். எங்கள் பள்ளி வளாகத்திலேயே அங்கன்வாடி உண்டு. 2019 ஜனவரியில் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி, யு.கே.ஜி வகுப்புகளைத் தொடங்கியது. அதில் எங்களுடையதும் ஒன்று. அந்த வகுப்பு வந்ததையும், அதன் ஆசிரியர் போனதையும், பிறகு பாதி உயிரோடு அது நடந்ததையும் பக்கத்து அறையிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இன்றைக்கும் அதற்குப் 'பால்வாடி' என்றுதான் பெயர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தார்கள். பிற்பாடு முட்டை வந்தது, சத்துமாவு வந்தது, கலர் சீருடைகூட வந்தது. மாநிலத்தில் இப்போது 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய அமைப்பு கைவசம் இருப்பது சாதாரண விஷயமில்லை. இதைக் கட்டி எழுப்பியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது சோறு போடும் இடமாகவே மக்கள் மனதிலும் அதிகாரிகள் மனதிலும் பதிந்துவிட்டது. எடை குறைந்தால் கேள்வி கேட்பார்கள், சத்துமாவு இருப்பு குறைந்தாலும் கேட்பார்கள். அங்கே இருக்கும் பிள்ளை நாலு வாக்கியம் கோர்வையாகப் பேசுகிறதா என்று ஆய்வுக்கு வந்த யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அங்கன்வாடிப் பணியாளரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. எங்கள் வளாகத்தில் இருந்தவரின் நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளை வரவேற்று உட்கார வைப்பார். எடை, உயரம் எடுத்துச் செல்போனில் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவார். டவர் கிடைக்காவிட்டால் வேப்பமரத்தடிக்கு வந்து நின்று ஏற்றுவார். கர்ப்பிணிகள் வருவார்கள், பாலூட்டும் தாய்மார்கள் வருவார்கள், அவர்களுக்குச் சத்துமாவு கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். தடுப்பூசி நாளில் கிராம செவிலியருடன் நிற்க வேண்டும். மாதக் கூட்டத்துக்குத் திட்ட அலுவலகம் போக வேண்டும். வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் வீடு வீடாகப் போகும் வேலையும் இவர் தலையில்தான் விழும். ஆயா லீவு என்றால் அடுப்பையும் அவரே பார்ப்பார். சில மையங்களில் ஆயா பணியிடம் மாதக்கணக்கில் காலி. இத்தனைக்கும் நடுவில்தான் பாட்டும் கதையும் படமும். மிச்ச நேரம் என்று ஒன்று இருந்தால் படிப்பு நடக்கும்.

காலியிடங்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்பப்போவதாக 2025இல் அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. அத்தனை இடம் இவ்வளவு காலம் காலியாக இருந்தது என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது.

இனி எங்கள் வட்டாரத்துக்கே உரிய விஷயம். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை பக்கம் பெரும்பாலான வீடுகளில் தாயார் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ போகிறவர். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் விடிவதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ் ஊருக்குள் வரும், தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும். மாவட்ட நிர்வாகம், தொண்டு நிறுவனங்கள், ஆசிரியர்கள் என்று பலரும் பாடுபட்டார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளிகள் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அப்புறம்தான் மெல்ல மெல்லப் பிள்ளைகள் வகுப்பறைக்கு வந்தார்கள். அன்றைக்கு பஸ் ஏறிய பெண் பிள்ளைகள்தான் இன்றைக்குத் தாய்மார்களாக, பாட்டிமார்களாக இருக்கிறார்கள்.

இப்போதும் அந்த பஸ் வருகிறது, தாய்மார்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கன்வாடிக் கதவு திறக்க அப்போது இன்னும் நேரம் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளையை அம்மாச்சியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அம்மாச்சிக்கு முடியாதபோது செல்போன்தான் பார்த்துக்கொள்கிறது. மாலையில் கை கால் வலியோடு வீடு திரும்பும் தாய் பிள்ளையிடம் கதை சொல்லவில்லையே என்று கேட்க எனக்கு மனம் வராது. அந்தப் பிள்ளையோடு பேசுவதற்கென்று பொது இடத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

2019இல் எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். உபரி என்று கணக்கெடுக்கப்பட்ட இடைநிலை ஆசிரியைகளை எல்.கே.ஜி வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலருக்கு அதில் விருப்பமில்லை. ஐந்தாம் வகுப்பு எடுத்தவரைப் பால்வாடிக்கு அனுப்புவது பதவி இறக்கம் மாதிரி என்று வருந்தினார்கள், நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். எங்களிடம் வந்த டீச்சரும் முதல் வாரம் முகம் வாடித்தான் இருந்தார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்குத் தனிப் பயிற்சி எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு வேறு வேலை எதுவும் இல்லை என்பதே பெரிய வித்தியாசமாக இருந்தது. எடை மிஷினும் சத்துமாவுக் கணக்கும் அங்கன்வாடிப் பணியாளர் பார்த்துக்கொள்ள, இவர் காலை முழுவதும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருப்பார்.

என்ன செய்தார் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. புளியமுத்தைக் குவித்து வைத்து ஐந்து ஐந்தாகப் பிரிக்கச் சொல்வார். வேப்பிலை, புளிய இலை, பூவரசு இலை மூன்றையும் கலந்து போட்டு இனம் பிரிக்கச் சொல்வார். தட்டில் மணல் பரப்பி விரலால் கோடு இழுக்க விடுவார். ஒரு கோழிப் படத்தைக் காட்டி, "இது எங்க ஓடுது?" என்பார். "வீட்டுக்கு" என்று ஒரு பிள்ளை சொல்லும். "ஏன் ஓடுது?" என்பார். "நாய் துரத்துது டீச்சர்" என்று இன்னொன்று சொல்லும். படத்தில் நாயே இருக்காது. அந்த இல்லாத நாயை வைத்து அரைமணி நேரம் கதை ஓடும். கதையை நிறுத்தினால் "அப்புறம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு பிள்ளை "அப்புறம்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டால் அது வாசிப்பதற்குத் தயாராகிறது என்று நான் சொல்வேன். வேலையில் இருந்த இத்தனை வருஷத்தில் இந்த அடையாளம் தவறிப்போனதே இல்லை.

பெற்றோரும் கவனித்தார்கள். அந்த வருஷம் தனியார் பள்ளி வேனில் அனுப்புவதற்குப் பணம் கட்ட இருந்த சிலர் எங்களிடமே சேர்த்தார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியது. பெரிய வகுப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்தும் மழலையர் வகுப்புகள் 2022 பிப்ரவரி நடுவில்தான் திறந்தன. அதாவது ஒரு தொகுதிப் பிள்ளைகள் மூன்று வயதையும் நான்கு வயதையும் முழுக்க வீட்டிலேயே கழித்தார்கள். அவர்கள் 2022 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். கிரேயானைக் கைமுட்டிக்குள் வைத்துக் குத்துவார்கள். பெயர் கேட்டால் தாயாரின் சேலைக்குள் முகத்தைப் புதைப்பார்கள். ஒரு பையன் தீபாவளி வரைக்கும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. இருபது வரை ஒப்பிப்பான், ஐந்து புளியமுத்து எடுத்துக் கொடு என்றால் கை நிறைய அள்ளுவான். ஒன்றாம் வகுப்பு டீச்சர் காலாண்டு வரைக்கும் எல்.கே.ஜி வேலையைத்தான் செய்தார். வேறு வழியும் இல்லை.

அடுத்த ஆண்டு, 2023 ஜூனில், கொஞ்ச காலமாவது எல்.கே.ஜி, யு.கே.ஜி பார்த்த பிள்ளைகள் வந்தார்கள். அதே தெரு, அதே மாதிரி வீடுகள், அதே வகுப்பறை, அதே டீச்சர். ஆனால் முதல் வாரமே பாட்டுக் கேட்டது. வீட்டிலிருந்து நேராக ஒன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளும் அதே பெஞ்சில் இருந்தார்கள். யார் எங்கிருந்து வந்தவர் என்று வாசலில் நின்றே சொல்லிவிட முடிந்தது. இது ஒரு பள்ளியில் ஒரு தலைமையாசிரியை கண்டது, ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன்.

ஆராய்ச்சியும் இருக்கிறது, நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. கார்த்திக் முரளிதரன், அலெஹான்ட்ரோ கனிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்குக் கூடுதலாக ஒருவரைக் கொடுத்தார்கள். அவருக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் வேலை, அதுவும் அரை நாள்தான். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரு மடங்காகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள், மொழியில் முன்னேற்றம் இன்னும் கூடுதல். அதோடு வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்திருந்தன. பழைய பணியாளருக்குப் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கவனிக்க நேரம் கிடைத்ததுதான் காரணம். எங்கள் வளாகத்தில் 2019இல் தற்செயலாக அமைந்த ஏற்பாடும் இதேதான். இந்த முடிவுகள் 2021லேயே வெளிவந்துவிட்டன.

அப்படியிருக்க, 2022 ஜூனில் நடந்தது என்ன? எல்.கே.ஜி எடுத்த ஆசிரியைகளைத் திரும்பத் தொடக்கப் பள்ளிகளுக்கே அனுப்பினார்கள். மழலையர் வகுப்பே இனி இருக்காது என்ற நிலை வந்தது. பெற்றோரும் பத்திரிகைகளும் கேள்வி கேட்டார்கள். சில நாட்களிலேயே, 2,381 பள்ளிகளிலும் வகுப்புகள் தொடரும் என்று பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார். அரசு மக்கள் சொன்னதைக் கேட்டது, அதற்கு நன்றி. ஆனால் வகுப்பு தொடர்ந்தது, ஆசிரியர் தொடரவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை நியமிக்க உத்தரவு வந்தது.

ஐயாயிரம் ரூபாய். தொடக்கக் கல்வியில் பட்டயம் படித்து முடித்தவருக்கு. எங்கள் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகும் பெண் மாதத்தில் இதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். எங்களுக்கு வந்த பெண் நல்ல பெண், குரலும் நன்றாக இருக்கும், பிள்ளைகள் அவரைச் சுற்றியே இருப்பார்கள். சாத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில் கூடுதல் சம்பளம் கிடைத்ததும் போய்விட்டார். அவரைத் தவறு சொல்ல முடியுமா? மூன்று வயதுப் பிள்ளை ஒரு முகத்துக்குப் பழகவே மாதங்கள் ஆகும். பழகிய முகம் ஒரு திங்கட்கிழமை காணாமல் போனால் திரும்பவும் அழுகையிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தைவிட முக்கியம், நேற்று வந்த டீச்சர் இன்றைக்கும் வருவது.

2,381 பேருக்கு மாதம் 5,000 என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 14 கோடி ரூபாய் வரும். ஒரு மாநிலத்தின் கல்வி பட்ஜெட்டில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. மேலே சொன்ன ஆய்வில் செலவைவிடப் பல மடங்கு பலன் என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அதைக் குறைந்த சம்பளம் போதும் என்பதற்கான சான்றாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது என் கருத்து. ஒன்றரை ஆண்டு சோதனைக்கு ஆள் கிடைப்பார், பத்து ஆண்டு பணிக்குக் கிடைக்கமாட்டார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்.கே.ஜி என்று பலகை மாட்டினாலே நல்லது நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவில் டென்னசி மாநில அரசு நடத்திய இலவச மழலையர் வகுப்புகளைப் பற்றி வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் நீண்ட காலம் ஆய்வு செய்து 2022இல் வெளியிட்டார்கள். குலுக்கலில் இடம் கிடைத்துப் போன பிள்ளைகள், இடம் கிடைக்காதவர்களைவிட ஆறாம் வகுப்பில் தேர்விலும் ஒழுங்கிலும் பின்தங்கியிருந்தார்களாம். படித்தபோது எனக்கு அதிர்ச்சிதான். அது வேறு நாடு, வேறு சூழ்நிலை. ஆனாலும் சின்னப் பிள்ளைகளை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்ற என் எண்ணம் அதில் உறுதிப்பட்டது.

நம் ஊரிலும் அந்த ஆபத்து உண்டு. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு நாலு கோடு நோட்டு வாங்கிக் கொடுத்து, ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுத வைக்கிற பள்ளிகள் இருக்கின்றன. வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் 'ஒன்றுமே சொல்லித்தரவில்லை' என்று பெற்றோரும் சண்டைக்கு வருகிறார்கள். பெற்றோரின் ஆசை எனக்குப் புரிகிறது. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியே வளர்ந்த ஒரு தாய், தன் பிள்ளை இங்கிலீஷ் எழுத்து எழுதுவதைப் பார்த்துக் கண் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் புரிகிற மாதிரி உட்கார வைத்துச் சொல்ல ஒரு டீச்சர் வேண்டும். எலும்பு முற்றாத விரலுக்குப் பென்சில் வேண்டாம், களிமண் போதும் என்று சொல்வதற்கே அந்தத் துறையில் படித்தவர் வேண்டும். அரசுப் பள்ளி எல்.கே.ஜி, தனியார் பள்ளி எல்.கே.ஜியைப் பார்த்துக் காப்பி அடிக்கக்கூடாது. நமக்கு அதைவிட நல்லது தெரியும்.

கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்து வெளியிடும் ஏசர் அறிக்கையைப் பலரும் மேடையில் சொல்கிறார்கள். நம் மாநிலக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர், 2022இல் ஐந்து பேருக்கும் குறைவு. 2024இல் மீண்டும் ஏறியிருக்கிறது, தொடக்க வகுப்புகளுக்கு மாநில அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்கு அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுத்தது நல்ல முறை. நானும் அதில் உழைத்தவள்தான். ஆனால் 2018 எண்ணே மெச்சும்படி இல்லை, அதைக் கொரோனாவின் கணக்கில் எழுத முடியாது. மூன்றாம் வகுப்பில் தெரியும் குறைக்கு மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் மட்டும் விளக்கம் கேட்பது நியாயமில்லை. அவர் கைக்கு வரும்போது பிள்ளைக்கு எட்டு வயது நெருங்கிவிடுகிறது.

சேர்க்கை குறைகிறது என்ற கவலையும் இதனோடு சேர்ந்ததுதான். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜியிலேயே தொடங்குகிறது. அங்கே சேரும் ஏழைப் பிள்ளைக்கு அரசே கட்டணம் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நல்லது என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மூன்று வயதில் வேன் ஏறிய பிள்ளை ஐந்து வயதில் இறங்கி எங்களிடம் வருவதில்லை. ஜூன் மாதம் தலைமையாசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்கிறார்கள். இரண்டு வருஷம் பிந்திப் போய்க் கேட்கிறோம். அரசுப் பள்ளிக்குப் பிள்ளை வர வேண்டும் என்றால் மூன்று வயதில் கதவு திறந்திருக்க வேண்டும். காலை உணவுத் திட்டம் 2023இல் சுமார் 31,000 அரசுப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்.கே.ஜி 2,381 இடங்களோடு நிற்கிறது. மனம் வைத்தால் எவ்வளவு வேகமாகச் செய்ய முடியும் என்பதை இந்த அரசு இயந்திரமே காட்டியிருக்கிறது.

காலை உணவைப் பற்றிப் பேசியதால் ஒன்று சொல்ல வேண்டும். திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கானது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு உண்டு, காலை உணவு இந்தத் திட்டத்தில் இல்லை. எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு அக்கா தன் தட்டிலிருந்த உப்புமாவில் பாதியை யு.கே.ஜி தம்பிக்கு ஊட்டிவிட்டு எழுவாள். இருவரின் தாயும் ஒரே பஸ்ஸில் விடியலில் போனவர்தான். ஒரே வளாகம், ஒரே அடுப்பு. கணக்கில் மட்டும் அந்தத் தம்பி வேறு துறையின் பிள்ளை.

அந்தத் துறைப் பிரிவினையும் சின்ன விஷயமில்லை. அங்கன்வாடி சமூக நலத் துறையில், பள்ளி பள்ளிக் கல்வித் துறையில். இரண்டுக்கும் தனித்தனி அலுவலர், தனித்தனி ஆய்வு, தனித்தனி செயலி. இரண்டு வருஷம் பக்கத்து அறையில் இருந்த பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது ஆதார் எண்ணும் பிறப்புச் சான்றும் வருகின்றன. அந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும், எங்கே தடுமாறும், வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற ஒரு குறிப்பும் வருவதில்லை. எங்கள் பள்ளியில் நாங்களாகவே ஒரு நோட்டுப் போட்டு, மே மாதம் இரண்டு டீச்சர்களையும் ஒரு மதியம் உட்கார வைத்துப் பிள்ளை பிள்ளையாகப் பேச வைத்தோம். செலவு ஒரு நோட்டும் தேநீரும்தான். மாவட்டம் முழுக்க இதைச் செய்ய எந்த அரசாணையும் தேவையில்லை.

ஒன்றாம் வகுப்பு 5 வயதிலா 6 வயதிலா என்று இப்போது பெரிய விவாதம் நடக்கிறது. நம் மாநிலத்தில் 5 வயதிலேயே சேர்க்கிறோம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அரசியலமைப்புச் சட்டத்தில் கல்வி உரிமை 6 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு 'முயல வேண்டும்' என்று மட்டும்தான் 45ஆம் பிரிவு சொல்கிறது. டெல்லி முயலட்டும் என்று காத்திருந்தால் சத்துணவே வந்திருக்காது. இதிலும் தமிழ்நாடு முந்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் கேட்பது இதுதான். இப்போது வகுப்பு நடக்கும் 2,381 இடங்களிலும் மழலையர் கல்வியில் பயிற்சி பெற்ற ஒருவரைக் காலமுறை ஊதியத்தில், நிரந்தரப் பணியிடத்தில் அமர்த்த வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரை அவருடைய ஊட்டச்சத்து வேலையை நிம்மதியாகச் செய்யவிட வேண்டும். அடுத்ததாக, தாய்மார்கள் விடியலிலேயே ஆலைக்குப் போகும் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை ஒன்றியங்களில் தொடக்கப் பள்ளிகளுக்கும் இந்த வகுப்பை விரிவாக்க வேண்டும். அங்கே மட்டுமாவது கதவைச் சீக்கிரம் திறக்க வேண்டும். எல்.கே.ஜி, யு.கே.ஜி பிள்ளைகளுக்கும் அதே அடுப்பிலிருந்து காலை உணவு கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் இரண்டு துறை அலுவலர்களையும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. வரும் ஜூனில் உங்கள் செய்தியாளரை எங்கள் மாவட்டத்தில் சில பள்ளி வளாகங்களுக்கு அனுப்புங்கள். எல்.கே.ஜிக்கு ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை மாதமாக இருக்கிறார், கடைசியாக எப்போது ஊதியம் வாங்கினார் என்று கேட்டு, பள்ளிவாரியாக எழுதட்டும். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தைப் போட்ட அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அதை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.